அரை என்று எழுதிய கொப்பி

போன வருஷம் ஆடியில் எங்கள் கதிர்காமப் பாத யாத்திரைக் குழுவில் நடந்த ஒரு விஷயத்தை முழுசாக எழுதி வைக்கிறேன். குழுவின் பெயர்க்கொப்பி பதினொரு வருஷமாக என் கையில்தான் இருக்கிறது. நடந்ததில் ஒரு பங்கு என் பேனாவுக்கும் உண்டு. அதனால் மற்றவர்கள் எழுதும் வரை காத்திருக்கவில்லை.

குழுவுக்குப் பேர் கிடையாது. வேலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற ஒரு வேல்சாமி, அவர் பின்னால் முப்பத்தொரு பேர். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினால் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை, உகந்தை என்று தார் றோட்டும் மணலும் மாறி மாறி வரும். உகந்தைக்கு அங்கால குமண காடு. குமுக்கன் ஆறு தாண்டி, யால வழியாகக் கதிர்காமம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் இருந்து வருகிறவர்களும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்து சேருவார்கள். நடக்கத் தொடங்கினால் எல்லாருக்கும் ஒரே பேர்தான்: சாமி.

கொப்பியில் ஒவ்வொரு பேருக்கும் நேரே ஒரு சொல் எழுதுவேன். மாமாங்கம் தொடக்கம் கதிர்காமம் வரை நடந்தவருக்கு ‘முழு’. உகந்தையில் வந்து சேர்ந்தவருக்கும் இடையில் நின்றவருக்கும் ‘அரை’. இதைத் தொடங்கியது பக்திக் கணக்குக்கு இல்லை, சோற்றுக் கணக்குக்கு. எத்தனை பேருக்கு எத்தனை நாள் அரிசி போடுவது என்று தெரிய வேண்டுமே. ஐந்தாறு வருஷத்தில் அந்தச் சொல் அரிசி மூட்டையை விட்டு இறங்கி ஆட்களின் தோளில் ஏறிக்கொண்டது. யார் எத்தனை ‘முழு’ என்று எங்கள் ஊர்க் கலியாண வீட்டிலும் கதைப்பார்கள். ஒரு பெண் பார்க்கும் பேச்சில் மாப்பிள்ளைக்கு ‘மூண்டு முழு’ இருக்கிறது என்று சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

நடந்தது

குழுவில் ஒரு அக்கா. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 54, பன்னிரண்டு வருஷமாகச் சீனி வருத்தம். நான்கு முறை முழு நடை நடந்தவர். போன வருஷம் மாமாங்கத்திலேயே என்னிடம் வந்து சொல்லிவிட்டார்: “இந்த முறை திருக்கோவில் மட்டுந்தான் தம்பி வாறன். அதுக்கங்கால கால் கேக்காது. இப்பவே எழுதுங்க.” எழுதினேன். அரை.

மூன்றாம் நாள் இரவு அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கல். சோறு பரிமாறும்போது ஒரு மூத்தவர், ஏழு ‘முழு’ நடந்தவர், சத்தமாகச் சொன்னார்: “நாளைக்கு பஸ் சாமிக்கு வெள்ளன சோறு குடுத்திருங்க. மறுகா பஸ் போயிரும்.” எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்காவும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. வாழையிலையை மடித்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்த நாள் திருக்கோவிலில் சித்திர வேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். கொப்பியில் கையெழுத்து வைக்கவில்லை.

அந்த இரவு நன்றாகச் சிரித்தவர்களில் ஒரு தம்பியும் உண்டு. வயது 24, முதல் நடை. சாரத்துக்குள் காலை மடித்துக்கொண்டு இருந்தான். வலது குதிக்காலில் தார்ச் சூட்டில் கிளம்பிய கொப்புளம் அன்று பின்னேரமே உடைந்திருந்தது என்று பிறகுதான் தெரியவந்தது. ஆருக்கும் சொல்லவில்லை. கோமாரி, பொத்துவில், பாணமை எல்லாம் நடந்தான். உகந்தையில் கடலுக்குள் இறங்கிக் காலைக் கழுவினான். உப்பு பட்டால் ஆறிவிடும் என்று நினைத்தானாம். காட்டுக்குள் போய், குமுக்கனில் அந்தக் காலோடு இறங்கி ஏறினான். அடுத்த நாள் காய்ச்சல். குதியில் இருந்து முழங்கால் வரை சிவப்பாக ஒரு கோடு, தொடையிடுக்கில் நெறி. தண்ணீர் கொண்டு வந்த வாகனத்தில் ஏற்றி வெளியே கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். சதையை வெட்டித் துப்பரவாக்க வேண்டி வந்தது. கால் தப்பியது.

வாட்டில் நான் கேட்டேன், ஏன்டா தம்பி சொல்லவில்லை என்று. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பஸ் சாமி எண்டு சொல்லுவாக எண்டுதான்.”

குதிரை பார்த்த மச்சான்

இந்தக் கதையில் என் மனைவியின் தம்பிக்கு ஒரு இடம் இருக்கிறது. வாழைச்சேனைப் பக்கம் பிறந்தவன், எமிரேட்ஸில் ஒன்பது வருஷம், எண்டியூரன்ஸ் என்கிற நெடுந்தூரக் குதிரை ஓட்டத்துக்கான லாயத்தில் சாயிஸாக, அதாவது குதிரை பராமரிக்கிறவனாக, வேலை செய்தவன். எங்களுக்குக் குதிரை என்றால் நெடுந்தீவில் நிற்கிற கட்டைக் குதிரைகள், மீறிப்போனால் கோயில் வாகனம். 120 கிலோமீற்றர், 160 கிலோமீற்றர் ஒரே நாளில் குதிரை ஓடும் என்று மச்சான் சொன்னபோது ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. ‘குதிரை மேய்ச்சவன்’ என்று ஒரு பட்டமும் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று மச்சான் சொன்னான்: “பாணமையிலயே நான் கண்டன் அத்தான். பொடியன் நொண்டினான்.”

நான் நம்பவில்லை. அன்று அவனுக்குப் பின்னால் நடந்தவன் நான்தான். நேராகத்தான் நடந்தான்.

“காலைப் பாத்தா தெரியாது. தலையப் பாக்கணும்” என்றான். குதிரைக்கு முன்னங்கால் நொந்தால், நோகிற கால் நிலத்தில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தலை கீழே விழும். பாரத்தை நோகிற காலில் இருந்து தூக்கி எடுக்க அது செய்கிற உபாயம். ஒரு விரற்கடை அசைவுதான். அதைப் பிடிக்கத்தான் மிருக வைத்தியருக்கு முன்னால் குதிரையைக் கயிற்றில் பிடித்து நேராக ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். எங்கள் தம்பிக்கு ஆடியது இடது தோளாம். அதை மச்சான் கண்டான், சொல்லவில்லை. குதிரை மேய்ச்சவன் மனுஷனுக்கு வைத்தியம் சொல்லுறானாம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டான். ஆகக் குழுவுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரு விஷயத்தை ஒளித்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் பேசாமல் வைத்தது பட்டப் பெயர்.

பிறகு மச்சான் அந்த விளையாட்டைப் பற்றி நிறையச் சொன்னான். நானும் விதிகளைத் தேடி வாசித்தேன். பாதையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு வைத்தியப் படலை, அதாவது குதிரையை நிறுத்திச் சோதிக்கிற இடம். குதிரை உள்ளே வந்ததும் நேரம் ஓடத் தொடங்கும். சாயிஸ்மார் சேணத்தைக் கழற்றி, கழுத்திலும் காலிலும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, மெல்ல நடத்துவார்கள். மச்சானின் வேலை, இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பதினைந்து செக்கன் எண்ணுவது. 16 துடிப்பு என்றால் நிமிஷத்துக்கு 64. சர்வதேசப் போட்டிகளில் பொதுவாக அதுதான் எல்லை. ஓய்வாக நிற்கிற குதிரைக்கு அது முப்பது நாற்பதுதான் இருக்கும். எண்ணிக்கை இறங்கும் முன்பே வைத்தியரிடம் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். இறங்கின பிறகும் நின்றுகொண்டிருந்தால் நேரம் வீண். “அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்” என்பான். அதோடு முடியாது. தோலைக் கிள்ளிவிட்டு எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்ப்பார்கள். பல் முரசை அழுத்தி, வெளுத்த இடத்துக்கு ரத்தம் திரும்பும் நேரத்தைப் பார்ப்பார்கள். வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பார்கள். கடைசியில் அந்த ஓட்டிக் காட்டல். வெளியேற்றப்படுகிற குதிரைகளில் கூடுதலானவை நொண்டலுக்காகத்தான் போகின்றன.

மச்சான் சொன்னதில் எனக்குத் தைத்தது இன்னொன்று. கூட்டத்தோடு ஓடுகிற குதிரை நோவைக் காட்டாதாம். முன்னால் ஒரு வால் தெரிந்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தி, குளிர வைத்து, தனியாக நடக்க விட்டால்தான் நொண்டல் வெளியே வரும். எங்கள் குழு ‘அரோகரா’ போட்டுக்கொண்டு நடக்கிறபோது தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அக்காவுடைய பிரச்சினை இதற்கு நேர்மாறு. சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப் போனால் நோவே வராது, செருப்பு வெட்டினாலும் தெரியாது. அவர் நோகிறது என்பதற்காக நிற்கவில்லை. நோகவில்லை என்பதற்குப் பயந்து நின்றார். நாங்கள் சிரித்தது அந்த அறிவைப் பார்த்து.

குறுந்தூரம் யாருடையது

எண்டியூரன்ஸிலும் இந்தத் தூரச் சண்டை பழையது. அமெரிக்காவில் 1955இல் வென்டல் ரோபி என்பவர் தாஹோ ஏரிப் பக்கம் இருந்து ஆபர்ன் என்ற ஊருக்கு ஒரே நாளில் 100 மைல் ஓட்டிக் காட்டினார். டெவிஸ் கோப்பை (Tevis Cup) என்று இன்றைக்கும் நடக்கிறது. 24 மணித்தியாலத்துக்குள் வந்து சேர வேண்டும், கிளம்புகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் முடிப்பார்கள். அந்த நூறு மைல்தான் அசல் என்ற எண்ணம் வளர்ந்தது. 1972இல் தொடங்கிய அந்நாட்டுச் சங்கத்தின் கணக்கில் 50 மைலும் அதற்கு மேலும்தான் ‘எண்டியூரன்ஸ்’. 25 தொடக்கம் 35 மைல் வரை ஓட்டுவதற்கு ‘லிமிற்றட் டிஸ்ரன்ஸ்’ என்று வேறு பேர், மைல் கணக்கும் வேறு பக்கத்தில். ‘முடிப்பதே வெற்றி’ என்பதுதான் அந்தச் சங்கத்தின் வாசகம். என்றாலும் இருபத்தைந்து மைல்காரரை ஐம்பது மைல்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பது அங்கேயும் உண்டு. எங்கள் ‘அரை’யை அங்கே கொண்டுபோய் வைத்தால் அச்சாகப் பொருந்தும்.

வேறு பக்கத்தில் எழுதுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. வேறு என்பது கீழ் என்று ஆகாமல் இருந்தால் சரி. இந்தக் குறுந்தூரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் விதியைப் பாருங்கள். 50 மைல் ஓட்டத்தில் குதிரை கோட்டைத் தாண்டினால் அதுதான் முடித்த நேரம், வைத்தியச் சோதனை அதற்குப் பிறகு. குறுந்தூரத்தில் அப்படி இல்லை. கோட்டைத் தாண்டியும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், குதிரையின் துடிப்பு 60க்கு இறங்கும் வரை. அரை மணித்தியாலத்துக்குள் இறங்காவிட்டால் முடித்ததாகவே கணக்கில்லை. பாய்ந்து வந்து முந்தியவர், மெல்ல வந்தவரின் குதிரை முதலில் ஆறிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தூரம் கொஞ்சம் என்பதற்காகச் சவுக்கைத் தூக்குகிறவனுக்கு அங்கே இடம் வைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குறுந்தூரம் என்றாலே சாது என்று நினைத்துவிடக் கூடாது. உகந்தை வரை வாகனத்தில் வந்து இறங்கி, ‘எங்களுக்குக் களைப்பே இல்ல’ என்று காட்டுக்குள் மற்றவர்களை இடித்துக்கொண்டு ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் மரியாதை வேண்டும், சோதனையும் வேண்டும்.

சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதியிலோ, ஒரு குதிரையை எடுத்த எடுப்பில் 160 கிலோமீற்றருக்கு விட முடியாது. குறைந்த தூரங்களை, வேகத்துக்கு மேல்வரம்பு வைத்த ஓட்டங்களில், நல்லபடி முடித்துக் காட்டினால்தான் அடுத்த படி. எனவே ஒரு மைதானத்தில் சின்னத் தூரம் ஓட்டுகிறவர்களுக்குள் பழகுகிற குதிரைக்காரர் இருப்பார், காயம் ஆறி வந்த குதிரையைக் கூட்டிவந்த பழுத்த ஆள் இருப்பார், வயதான குதிரையை விற்க மனமில்லாதவர் இருப்பார், இவ்வளவு தூரந்தான் எனக்குப் பிடிக்கிறது என்று வந்தவரும் இருப்பார். வெளியே நிற்கிறவனுக்கு யார் எவர் என்று தெரியாது. காரணம் சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

அமெரிக்கச் சங்கத்தின் பதிவில் ஒரு குறியீடு உண்டு. வைத்தியர் குதிரையைத் தடுக்கவில்லை, போகலாம் என்றுதான் சொன்னார், ஆனாலும் ஓட்டுகிறவர் தானாகவே நிறுத்திக்கொண்டார் என்றால் அதற்கு ‘ரைடர் ஒப்ஷன்’ என்று போடுவார்கள். நொண்டலால் வைத்தியர் நிறுத்தியது வேறு எழுத்து, நேரம் பிந்தியது வேறு எழுத்து. நின்றது ஒன்றுதான், ஆனால் நிறுத்தியது யார் என்று எழுதி வைக்கிறார்கள். என் கொப்பியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

மச்சான் தன் லாயத்துக் கதை ஒன்று சொன்னான். மூன்றாவது படலையில் குதிரை எல்லாச் சோதனையும் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு சுற்றுத்தான். ஏறியிருந்த பொடியன் கடிவாளத்தைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். தண்ணீர் வைத்தால் வழக்கமாக வாளியைத் தட்டிவிடுகிற குதிரை, அன்று முகத்தை வாளிக்குள் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றதாம். அதைப் பார்த்துவிட்டு, “இண்டைக்குப் போதும்” என்று சேணத்தைக் கழற்றச் சொல்லிவிட்டான். லாயக்காரர் ஏசினார். மச்சானுக்கும் அப்போது கோபந்தான். விடியற்காலை இரண்டு மணியில் இருந்து ஐஸ் தூக்கியவன் அவன். “இப்ப யோசிச்சா, அந்த நாளில குதிரையப் பாத்தது அவன் ஒருத்தன்தான். நாங்க எல்லாரும் மணிக்கூட்டத்தான் பாத்த” என்றான்.

மூத்தவரோடு கதைத்தது

ஏழு ‘முழு’ நடந்த அந்த மூத்தவரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். கெட்ட மனுஷன் இல்லை. தம்பிக்கு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனவர். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “இது பந்தயமா? நேர்த்தி. கால் நோகத்தான் செய்யும். நோவுதான் காணிக்கை. குதிரைக்கு நேர்த்தி இருக்கா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. குதிரை நேர்த்தி வைக்காது, உண்மை. அது தன்னைக் காணிக்கையாகத் தரச் சம்மதிக்கவும் இல்லை. அதனால்தான் அதற்காகப் பேச வைத்தியர் வேண்டியிருக்கிறது, தானாக நிறுத்துகிற ஆள் வேண்டியிருக்கிறது. மனுஷன் தன் நோவைத் தானே கொடுக்கலாம். ஆனால் தம்பி கொடுத்தது முருகனுக்கா, எங்கள் சிரிப்புக்கா? இதைக் கேட்டதும் மூத்தவர் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொன்னேன். பாணமையில் சந்நிதிக் குழு ஒன்றைச் சந்தித்தோமே, தொண்டைமானாற்றில் இருந்து வந்தவர்கள், கால் எல்லாம் வெடித்து, கறுத்து. அவர்களின் கொப்பியில் மாமாங்கத்தில் கிளம்பிய நீங்களும் நானும் என்ன? அவர் சிரித்துவிட்டார். குதிரைக்காரரிலும் இதே சங்கதிதான். 160 ஓட்டுகிறவரை மொங்கோலியாவில் குதிரை மாற்றி மாற்றி 1000 கிலோமீற்றர் போகிறவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவரும் அரைதான்.

இந்த வருஷம்

புதுக் கொப்பி வாங்கினேன். ‘முழு’, ‘அரை’ இரண்டும் இல்லை. ‘எங்கிருந்து’, ‘எங்கு வரை’ என்று இரண்டு நிரல், பக்கத்தில் ‘நின்றது எப்படி’ என்று ஒன்று. சோற்றுக் கணக்கு இப்போதும் சரியாக வருகிறது. பழைய சொல்லுக்குத் தேவையே இருந்ததில்லை.

இரவுத் தங்கலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் பாதத்தை வெளிச்சத்தில் காட்ட வேண்டும், வேல்சாமியும் சேர்த்து. கோமாரியில் மச்சான் ஒரு சோதனை வைத்தான். ஒவ்வொருவராக வெறுங்காலோடு இருபது அடி போய், திரும்பி வர வேண்டும், கதைக்காமல், கூட்டம் இல்லாமல். முதல் நாள் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. “குதிரைச் சந்தை” என்றார்கள். மச்சான் குந்தியிருந்து தோளை மட்டும் பார்த்தான். மூன்று பேரைத் திரும்ப நடக்கச் சொன்னான். இரண்டு பேருக்குக் கொப்புளம், ஒருவருக்குப் பழைய முழங்கால். முழங்கால்காரர் அந்த மூத்தவர். பொத்துவிலில் ஒரு நாள் நின்று பிறகு வந்தார். கொப்பியில் அதை எழுதட்டுமா என்று கேட்டேன். “நீ எழுதாம விடுவியா” என்றார்.

தம்பி இந்த வருஷமும் வந்தான். கால் நன்றாக ஆறியிருந்தது, தழும்பு மட்டும். கோமாரியில் இருபது அடி நேராக நடந்து காட்டினான், மச்சானுக்கும் குறை தெரியவில்லை. ஆனாலும் தானாக வந்து, “அண்ணன், எனக்கு இது காணும்” என்றான். ‘மாமாங்கம் – கோமாரி. தானாக நின்றார்’ என்று எழுதினேன். கையெழுத்து வைத்துவிட்டு, பஸ் வரும் வரை எங்களோடு இருந்து வெங்காயம் உரித்தான். பஸ் சாமி என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல நினைத்து அடக்கிக்கொண்ட முகம் ஒன்றிரண்டு இருந்தது.

அக்கா வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோதும் அதைப் பற்றிக் கதைக்காமல் தேத்தண்ணி தந்து அனுப்பினார். ஆவணியில் ஒரு நாள் போன் எடுத்தார். மண்டூருக்கு நடந்து போனாராம், தனியாக, இரண்டு நாளாக. குருமண்வெளியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து அங்கால. சின்னக் கதிர்காமம் என்றுதானே மண்டூருக்குப் பேர்.

“உங்கட கொப்பியில அதுக்கு இடம் இரிக்கா?” என்று கேட்டார்.

எங்கிருந்து என்ற நிரலில் மாமாங்கம் என்று எழுதினேன். எங்கு வரை என்ற நிரலில் மண்டூர். பாதையில் கடந்த தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவா என்று கேட்டதற்கு, அது நடை இல்லை, சேர்க்க வேண்டாம் என்றார்.